வறுக்காத ரவை

பேய் உண்டா இல்லையா என்று கேட்டால் ஆதித்யாவிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. பகலில் இல்லை. ஆனால் லண்டனில் நவம்பர் மாதத்துப் பகல் என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, டீ குடிப்பதற்குள் கிளம்பிவிடுகிற விருந்தாளி. அதனால் அந்த மாதம் முழுக்க அவனுக்கு உள்ளூர உதறல்தான்.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டு வாசலில் அவனும் எமில்டாவும் நின்றபோது வெளிச்சம் கிளம்புகிற நேரம். தெருக்கோடியில் யாரோ மிச்சப் பட்டாசுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எமில்டாக்கா, கந்தக வாசனை வருது."

"வெடி கொளுத்துறாங்கள் ஆதி. வேற என்ன மணக்கும், மல்லிகைப் பூவோ?"

"வெடி தெருக்கோடியில. வாசனை லெட்டர் பாக்ஸ் வழியா வீட்டுக்குள்ளேர்ந்து வருது."

எமில்டா குனிந்து, கதவில் கடிதம் போடும் துவாரத்தில் மூக்கை வைத்தாள். நிமிர்ந்ததும் சட்டென்று மணியை அடித்தாள். ஆதித்யாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

எமில்டாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுப்பதே வேலையாக இருந்துவிட்டு, இப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். ஆதித்யா சென்னை நங்கநல்லூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது குறைந்தவர்களில் ஒருவன். எமில்டாவின் பிரிண்டரைச் சரிசெய்யப் போனவன் அங்கேயே உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். பிரிண்டர் இன்னும் சரியாகவில்லை.

கதவைத் திறந்தவர் சிவனேஸ்வரி. செத்துப்போன கணேஸ்வரனின் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்தது. தெருவில் ஒரு வெடி சத்தம் கேட்டதும் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, சத்தம் அடங்கியபின்தான் "வாங்கோ" என்றார்.

நடைபாதைக் கொக்கியில் ஒரு பழைய ஜாக்கெட் தொங்கியது. வாசனை அதிலிருந்துதான். துப்பாக்கி கிளப்புக்குப் போகும்போது கணேஸ்வரன் போடுகிறது. பேய் இல்லை, துணிதான் என்று ஆதித்யாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் சிவனேஸ்வரி அதைக் கடந்து போகும்போது, ஆள் நிற்கிற இடத்தில் ஒதுங்குவதுபோல ஒதுங்கிப் போனார். ஆறுதல் அதோடு போயிற்று.

வரவேற்பறைச் சுவரில் ஓர் இளைஞனின் படம், மாலை போட்டு. "அவற்ற தம்பி யோகன். தொண்ணூற்றாறில ஆமி சுற்றிவளைச்சுப் பிடிச்சுக்கொண்டு போனது. பேந்து ஒரு தகவலும் இல்லை" என்றார் சிவனேஸ்வரி. கணேஸ்வரனின் படம் அதற்குப் பக்கத்தில் புதிதாக ஏறியிருந்தது.

விஷயம் இதுதான். கவுன்சிலில் பார்க்கிங் பிரிவில் உத்தியோகம் பார்த்த கணேஸ்வரன், பேனா தவிர ஆயுதம் எதையும் தொட்டறியாத மனிதர், ஐம்பத்தேழு வயதில் துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தார். இந்த நாட்டில் சாதாரணக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஆனால் தோட்டாவே இல்லாமல், ஒவ்வொரு துளையிலும் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டை அமுக்கிச் சுடுகிற பழங்கால மாதிரி ரிவால்வருக்குப் போலீஸ் லைசென்ஸ் தரும். அப்படி ஒன்றை வாங்கினார். அவருடைய முதல் ரிவால்வர். முதல் தடவையாக அதை நிறைத்து, முதல் குண்டைச் சுட்டபோது அது கையிலேயே வெடித்துச் சிதறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆள் போய்விட்டார்.

போலீஸ் பார்த்துச் சொன்னது ஒரே வரி. கருமருந்து இருக்கவேண்டிய இடத்தில், ரைபிளுக்குப் போடுகிற இந்தக் காலத்து மருந்து இருந்தது. பழைய ரிவால்வர் அதைத் தாங்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் செய்கிற தவறு. கோப்பை மூடலாம்.

"அது அவர் விட்ட பிழை இல்லை" என்றார் சிவனேஸ்வரி. குரல் குழறவில்லை. அழுது முடித்தவர்களின் குரல். "நான் விட்ட பிழை. குசினி மேசையில வைச்சுத்தான் நிறைச்சனாங்கள். அலுமாரிக்குள்ள ரெண்டு டப்பா இருந்தது. கறுப்பு மருந்து ஒண்டு, அவற்ற ரைபிளுக்கு மருந்து ஒண்டு. 'அந்த டப்பாவை எடுத்துத் தாரும்' எண்டு கேட்டவர். நான்தான் எடுத்துக் குடுத்தனான். திங்கட்கிழமை மரண விசாரணைக்குக் கொறோனரின்ர ஆக்கள் வாக்குமூலம் எடுக்க வருகினம். நான்தான் கொன்றனான் எண்டு சொல்லப் போறன்."

"அக்கா, டப்பா மாறினது வடிவா ஞாபகம் இருக்கோ?"

"இல்லை. அதுதான் பிள்ளை என்னை நித்திரை கொள்ள விடுதில்லை. கண்ணை மூடினால் டப்பாவை நீட்டுறன். அவர் வாங்குறார். டப்பாவின்ர நிறம் மட்டும் தெரியுதில்லை. பின்னேரத்தில தோட்டத்துக் கொட்டிலுக்க அவர் இருமுற சத்தம் கேக்குது. போய்ப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை. நான் குடுத்தது எது எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ. கறுப்பு எண்டாலும் சரி, மற்றது எண்டாலும் சரி. தெரியாமல் இருக்க ஏலாது."

ஆதித்யா தோட்டத்துப் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் பெட்டி மேசைக்கு வந்தது. கைக்கடக்கமான பெட்டி, மூடியில் காய்ந்த சந்தனப் பொட்டு. உள்ளே விரல் நீளத்தில் சின்னச் சின்னக் குழாய்கள், இரண்டு பக்கமும் மூடியோடு. ஒரு பக்கத்தில் மருந்து, மறுபக்கத்தில் ரவை. வீட்டிலேயே அளந்து நிறைத்துக்கொண்டு போனால் கிளப்பில் கொட்டிக்கொள்ளலாம்.

"ரவையா?" என்றான் ஆதித்யா. "உப்புமா ரவையா?"

"ஓம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையில இடைவெளி இருக்கக்கூடாதாம். அதை நிரப்ப வெள்ளைக்காரர் ரவைதான் போடுறவை. மருந்து அவர் போட்டவர், ரவை நான் போட்டனான்."

"ரெண்டு நூற்றாண்டா ரவையைத் துப்பாக்கியில போட்டிருக்காங்க, ஒருத்தனுக்குக்கூடக் கடுகு தாளிக்கத் தோணலையே."

போலீஸ்காரர்கள் மருந்துப் பக்கத்தைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு ரவையை அப்படியே விட்டிருந்தார்கள். அவர்கள் பார்வையில் ரவை ஒரு தடயமில்லை. எமில்டா ஒரு மூடியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினாள். முகர்ந்தாள். பிறகு நாக்கு நுனியில் வைத்து மென்றாள். தடயத்தைத் தின்கிற துப்பறிவாளர் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று ஆதித்யா பல நாள் சொல்லியிருக்கிறான்.

"அக்கா, தேத்தண்ணி ஒண்டு கிடைக்குமோ? நானும் வாறன் குசினிக்கு."

குசினியில் எமில்டா கேட்டது மருந்தைப் பற்றி இல்லை. ஊர்க்கதை. மழைக்காலத்தில் மா பழுதாகிறது, பருப்பில் வண்டு வருகிறது என்று அளந்துகொண்டே போத்தல்களைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்ர குசினியில வண்டு வராது" என்றார் சிவனேஸ்வரி. அன்றைக்கு முதல் தடவையாகக் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "ரவை கடையால வந்த கையோட வறுத்து, ஆறவிட்டுத்தான் போத்தல்ல போடுறது. பச்சை ரவை இந்த வீட்டில ஒரு நாளும் இருந்ததில்லை."

எமில்டா தலையாட்டினாள். தேநீரைக் கடகடவென்று குடித்தாள். இரண்டு குழாய்களைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, இண்டைக்கே திரும்பி வாறம்" என்று எழுந்துவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் ஆதித்யாவின் கையில் ஒரு குழாயைக் கொட்டினாள். "தின்னு."

"வெடிமருந்துக்குப் பக்கத்து வீட்டு ரவையையா?"

"தின்னு எண்டுறன்."

மென்றான். பல்லில் மாவாக ஒட்டியது. "பச்சை ரவை. வறுக்கவே இல்ல." சொன்ன பிறகுதான் உறைத்தது. "அப்போ இது அந்தம்மா நிரப்புன பெட்டி இல்ல!"

"இல்லை. அக்கா டப்பா மாறிக் குடுத்தாவோ இல்லையோ, அது இந்தப் பெட்டிக்குள்ள வரேல்ல. இது வேற ஒருத்தர் வேற இடத்தில நிறைச்ச பெட்டி. போலீஸ் மருந்தை மட்டும் சோதிச்சது. ஒரு அம்மாவிட்டக் குடுத்திருந்தால் ஒரு நிமிசத்தில பிடிச்சிருப்பா."

"யாரோ பெட்டிய மாத்தியிருக்கான். கிளப்ல. கூட இருந்தது யாரு?"

"புவனேசன். அக்கா போனில சொன்னவ, கணேஸ்வரனைக் கிளப்பில சேர்த்து, எப்பிடி நிறைக்கிறது எண்டு பழக்கினவர் எண்டு. சாகேக்க பக்கத்தில நிண்டவரும் அவர்தான். வீடு ரெய்னர்ஸ் லேனில."

ரயிலில் ஆதித்யா கேஸை முடித்தே விட்டான். புவனேசன் கொலைகாரன், பெட்டியை மாற்றினான், காரணம் அவன் வாயிலிருந்தே வரும். எமில்டா கண்ணாடியில் தெரிந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறும்போது மட்டும், "ஒரு வீட்டில செத்தவர் ரெண்டு பேர் இருக்கினம் ஆதி. நாங்கள் ஒருத்தரைப் பற்றித்தான் கதைக்கிறம்" என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

புவனேசனுக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டில் தனி ஆள். சவரம் செய்து பல நாளான முகம். கதவைத் திறந்ததும், யாரென்று கேட்காமலே, "சிவனேஸ்வரி அக்கா அனுப்பினவவோ?" என்றார். தேநீர் கொண்டுவந்து வைத்தபோது ஆதித்யா அந்தக் கையைக் கவனித்தான். இடது கையில் பெருவிரலோடு ஒட்டி இன்னொரு சின்ன விரல், நகத்தோடு. பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போயிற்று.

"வீட்டில ரவை இருக்கோ அண்ணை?" என்றாள் எமில்டா.

புவனேசன் திகைத்தார். "ரவையோ? எனக்குச் சீனி வருத்தம், டயபிடிஸ். நான் ரவை தின்னுறேல்ல."

"துவக்குக்கு?" என்று எமில்டா விரலைத் துப்பாக்கிபோல் நீட்டினாள்.

"நான் போடுறேல்ல. கம்பளி வட்டம்தான் வைச்சு அமுக்குறனான். கணேஸ்வரன் அண்ணை தந்த பெட்டிக்குள்ளதான் ரவை இருக்கு."

"என்ன பெட்டி?" என்று கேட்டது ஆதித்யா. கேட்டவுடன், சாதாரணமாகக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

புவனேசன் மாடிக்குப் போய்ப் பூட்டுத் திறந்து எடுத்து வந்தார். அதே மாதிரிப் பெட்டி. இதன் மூடியிலும் காய்ந்த சந்தனப் பொட்டு, அதற்கு நடுவில் குங்குமம். "அண்டைக்குக் காலமை கிளப்பில வைச்சுத் தந்தவர். 'உமக்கும் சேர்த்து நிறைச்சுக்கொண்டு வந்தனான்' எண்டு. அதுக்குப் பிறகு நான் இதைத் தொடேல்ல. தொட மனம் வரேல்ல."

எமில்டா ஒரு குழாயைத் திறந்து தட்டினாள். பொன்னிறமாக விழுந்தது ரவை. வாயில் போடவே தேவையில்லை, வறுத்த வாசனை அறைக்கே வந்தது. மறுபக்க மூடியைத் திறந்து புவனேசனிடம் நீட்டினாள்.

"இது என்ன மருந்து?"

"கருமருந்து. நல்ல மருந்து. ஏன்?"

எமில்டா கைப்பையிலிருந்து டெலிபோனை எடுத்தாள். சிவனேஸ்வரியின் குரல் மூன்று பேருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"அக்கா, ஆயுத பூசைக்கு என்னென்ன வைச்சனீங்கள்?"

"என்னம்மா இது கேள்வி? எல்லாம்தான். தையல் மெசின், அவற்ற சுத்தியல், ட்ரில், கார்ச் சாவி. புதுத் துவக்கு பூட்டுக்குள்ள, சாவி அவரிட்ட. அதால துவக்கு மருந்துப் பெட்டியை எண்டாலும் வைப்பம் எண்டு ரெண்டையும் துடைச்சு, பொட்டு வைச்சு, சாமிக்கு முன்னால வைச்சனான்."

"ரெண்டோ?"

"ஓம். அலுமாரிக்குள்ள நாங்கள் நிறைச்சது ஒண்டு. சுத்தியல் எடுக்கப் போகேக்க கொட்டிலுக்க இன்னொண்டு இருந்தது. இன்னொரு பெட்டியும் நிறைச்சு வைச்சிருக்கிறாராக்கும் எண்டு நினைச்சன். பூசை முடிய எல்லாத்தையும் திரும்ப வைச்சிட்டன், ஒண்டு அலுமாரிக்க, ஒண்டு கொட்டிலுக்க."

"எது எங்க இருந்தது எண்டு பார்த்தோ வைச்சனீங்கள்?"

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே பிள்ளை. பொட்டைக் கண்டிட்டு அவர்கூடச் சிரிச்சவர், 'கொட்டிலுக்கையும் சாமி வந்திட்டாரோ' எண்டு. ஏன் கேக்கிறீர்?"

"வந்து சொல்லுறன் அக்கா." டெலிபோனை அணைத்தாள்.

ஆதித்யாவின் மண்டைக்குள் இரண்டு பெட்டிகள் இடம் மாறி மாறி உட்கார்ந்தன. கெட்ட மருந்துப் பெட்டி கணேஸ்வரனின் கொட்டிலில் இருந்தது. கணேஸ்வரனே நிறைத்தது. மனைவிக்குத் தெரியாமல் நிறைத்ததால் அவளுடைய ரவையை எடுக்க முடியவில்லை. அலுமாரியில் இருந்த நல்ல பெட்டி தனக்கு. கொட்டிலில் இருந்தது...

"உங்களுக்கு" என்றான் புவனேசனைப் பார்த்து. சொல்லிவிட்டு, வாய் இருக்கிறதே என்று முதல் தடவையாக வெட்கப்பட்டான்.

புவனேசன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. நெடுநாளாக வராமலிருந்த ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டதுபோல இருந்தது அந்த முகம்.

"அவர் நிறைக்கேக்க தன்ர துவக்கைப் பார்க்கேல்ல" என்றார் மெதுவாக. "குழாயைக் கொட்டுறார், குண்டை அமுக்குறார், கண் முழுக்க என்னிலதான். 'நான் தந்ததைப் போட்டு நீர் முதல் சுடும்' எண்டவர். 'அண்ணை, உங்கட முதல் றிவோல்வர், நீங்கள்தான் முதல் சுடோணும்' எண்டு நான்தான் மறுத்தனான். மரியாதைக்குச் சொன்னது. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, 'சரி, எனக்குப் பிறகு நீர்' எண்டவர்."

"ஏன் அண்ணை அவர் உங்களைக் கொல்ல நினைச்சவர்?" எமில்டா கேட்ட விதத்தில் அது கேள்வியாக இல்லை. விடை தெரிந்தவள் மற்றவர் வாயால் வரட்டும் என்று வழிவிட்டாள்.

புவனேசன் இடது கையை மேசைமேல் வைத்தார், அந்தச் சின்ன விரல் மேலே தெரியும்படி.

"சாக்குக்குள்ள முகம்தான் மறைஞ்சது. கை மறையேல்ல" என்றார்.

ஆதித்யா எமில்டாவைப் பார்த்தான். அவள் அவனுக்காகவே தணிந்த குரலில் சொன்னாள்: "ஊரைச் சுற்றிவளைச்சு ஆம்பிளையளை வரிசையா நிப்பாட்டுவாங்கள். பிடிபட்ட ஒருத்தனுக்குத் தலையில சாக்கைப் போட்டு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை வைச்சு, முன்னால இருத்துவாங்கள். ஒவ்வொருத்தராக் கடந்து போகோணும். சாக்குத் தலை ஆடினால் அவரைக் கொண்டு போவாங்கள். தலையாட்டி எண்டுறது."

"அப்ப எனக்கு இருபத்தொரு வயசு" என்றார் புவனேசன். "முதல் நாள் இரவு முழுக்க அடி. ஆட்டாட்டி என்னைத்தான் கொண்டுபோவம் எண்டு சொன்னவங்கள். நான் ஆரெண்டு பார்த்து ஆட்டேல்ல. கணக்குக்கு ஆட்டினது. அந்தப் பெடியன் என்னைக் கடக்கேக்க ஆட்டிப்போட்டன். பின்னால வந்த தமையன் என்ர கையைப் பார்த்தவர். போன வருசம் ஒரு கலியாண வீட்டில திரும்பவும் பார்த்தவர். சோறு போட்ட கையை. ஒண்டும் கேக்கேல்ல. சிரிச்சுக்கொண்டு பக்கத்தில வந்து இருந்தவர். என்ன பொழுதுபோக்கு எண்டு விசாரிச்சவர். அடுத்த மாசம் கிளப்பில சேர்ந்தவர். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குக் கூப்பிட்டு அக்காவின்ர கையால சாப்பாடு போட்டவர். நான் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சாப்பிட்டனான். தெரியும், அவருக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும். கேட்பார் எண்டு காத்துக்கொண்டு இருந்தன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"கேக்காட்டியும் சொல்லியிருக்கலாம்" என்றாள் எமில்டா. கடுமையாக அல்ல. ஆனால் புவனேசன் அடிபட்டவர்போல் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். எமில்டா எழுந்தாள். "அக்கா தான் புருசனைக் கொன்றுபோட்டன் எண்டு நினைச்சுச் சாகாமல் செத்துக்கொண்டு இருக்கிறா. நான் போய் உண்மையைச் சொல்லப்போறன். உங்கட பங்கை நான் சொல்லமாட்டன். அது நீங்கள் வந்து சொல்லவேண்டியது."

திரும்பி வந்தபோது ஃபாரஸ்ட் கேட்டில் பட்டாசு ஓய்ந்திருந்தது. எமில்டா முதலில் கொட்டிலைப் பார்க்க வேண்டும் என்றாள். உள்ளே போனது ஆதித்யா. ஏனென்றால் அவள் அவனைத் தள்ளிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள். டெலிபோன் வெளிச்சத்தில் மண்வெட்டி, பெயின்ட் டப்பா, மடக்கு நாற்காலி. பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. அவன் உயிர் தொண்டைக்கு வந்து, பக்கத்துத் தோட்டத்து நரி என்று தெரிந்ததும் அரை மனதோடு இறங்கியது.

பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அது இருந்தது. வாய் மடித்த ரவைப் பாக்கெட், கடையில் இருப்பதிலேயே சின்னது. வெளிச்சம் பட்டதும் உள்ளே வண்டுகள் அங்குமிங்கும் ஓடின. பக்கத்தில் இன்னொரு ரைபிள் மருந்து டப்பா. தன் வீட்டு ரவைக்கும் கடை ரவைக்கும் வித்தியாசம் உண்டென்று தெரியாமலே ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறார். அந்த ஓர் அறியாமையைத் தவிர அவருடைய திட்டத்தில் எமில்டா கை வைக்க இடமே இருந்திருக்காது என்று ஆதித்யாவுக்குத் தோன்றியது. கேலி செய்ய வேண்டிய இடம். வரவில்லை.

"இவ்வளவு கவனமான ஆளு, பொட்டைப் பார்த்தப்புறமும் தொறந்து பாக்கலையே" என்றான்.

"கலியாணம் செய்த நாள் தொடக்கம் வைச்ச பொருள் வைச்ச இடத்தில இருந்த வீடு. அவாவில அவ்வளவு நம்பிக்கை. அதுதான் அவரைக் கொன்றது" என்றாள் எமில்டா.

சிவனேஸ்வரி சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார். எமில்டா நாற்காலியை இழுத்து அவர் முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்தாள்.

"அக்கா, டப்பா மாறேல்ல. நீங்கள் குடுத்தது கறுப்பு மருந்துதான். நீங்கள் நிறைச்ச குழாயைப் பார்த்தன். வறுத்த ரவை, நல்ல மருந்து. ஒரு பிழையும் இல்லை."

சிவனேஸ்வரி கண்ணை மூடித் திறந்தார். கறுப்பு டப்பாவை அவர் கண்டுவிட்டார். கைகள் இரண்டையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார், இவ்வளவு நாள் யாரோ எடுத்து வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுத்ததுபோல. இங்கேயே நிறுத்திவிடலாமே என்று ஆதித்யா எமில்டாவின் தோளைத் தொட்டான். அவளும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும், கைப்பையை மூடினாள்.

ஆனால் குசினியை ஆண்ட பெண்ணிடம் பாதிக் கணக்கோடு நிற்க முடியாது.

"நல்ல மருந்தெண்டால் ஏன் வெடிச்சது?" என்றார். "நான் நிறைச்சதை நீங்கள் எங்க பார்த்தனீங்கள்? போலீஸ் தந்தது இஞ்ச எல்லோ இருக்கு."

"புவனேசனிட்ட அக்கா."

"அப்ப இது..." பெட்டியை இழுத்து ஒரு மூடியைத் திறந்தார். ரவையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "பச்சை." கண்கள் தோட்டத்துப் பக்கம் போயின. பிறகு சாமியறைப் பக்கம். சிவனேஸ்வரி தானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "கொட்டிலுக்க இருந்தது. அவர் வைச்சது. நான் மாறி வைச்சிட்டன். அவர் அதைப் புவனேசனுக்கு..."

திறந்த மூடியைப் பழையபடி அழுத்தி மூடினார்.

"தம்பிக்காகவோ?" என்றார் யோகனின் படத்தைப் பார்த்து.

"ஓம் அக்கா."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஞாயிறு ஞாயிறாச் சமைக்க வைச்சவர். அந்த ஆளுக்கு ஒரு கரண்டி கூட்டி வைக்கச் சொன்னவர்." அவருக்கு அழுகை வரும் என்று ஆதித்யா எதிர்பார்த்தான். வந்தது கோபம். சுவரில் புதிதாக ஏறிய படத்தைப் பார்த்து, உயிரோடு இருக்கிற மனிதரைத் திட்டுவதுபோலவே சொன்னார்: "என்னோட பக்கத்தில படுத்துக்கொண்டு இதை நினைச்சுக்கொண்டோ இருந்தனீங்கள்?"

வெளியே ஒரு கார் வந்து நின்றது. கதவு மணி அடித்தது. மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் ஒல்லியான ஓர் ஆள், தலையைக் குனிந்துகொண்டு. ஆதித்யா எழுந்தான்.

"இரும்" என்றார் சிவனேஸ்வரி. "இது என்ர வீடு. நான் திறக்கிறன்."

ஜாக்கெட்டைக் கடந்தபோது இந்தத் தடவை அவர் ஒதுங்கவில்லை. தோள் பட்டு அது கொக்கியில் ஆடியது. கதவைத் திறந்தார். புவனேசன் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"அவர் செத்தது என்ர கையால. நீங்கள் உயிரோட நிக்கிறதும் என்ர கையால. ஒண்டும் அறியாமல் செய்தது. உங்களைக் காப்பாற்றின கை எண்டு நினைக்கவும் ஏலாமல் கிடக்கு, அவரைக் கொன்ற கை எண்டு நினைக்கவும் ஏலாமல் கிடக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவர் கேக்காமலே போயிட்டார். நான் கேக்கிறன். யோகனுக்கு என்ன நடந்தது எண்டு, அவனைக் கடைசியா எங்க கண்டனீங்கள் எண்டு, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கோ. உள்ள வாங்கோ."

வாசலில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கப் புவனேசனுக்கு வெகு நேரம் பிடித்தது. குளிர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. சிவனேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.